நடுவில் விழும் பந்து

சௌந்திரம் தனியாக ஆடி ஜெயித்த டென்னிஸ் ஆட்டம் ஒன்றுகூடக் கிடையாது. ஒற்றையர் பிரிவில் ஏழு முறை பெயர் கொடுத்து, ஏழு முறையும் முதல் சுற்றிலேயே தோற்று ஊருக்கு பஸ் ஏறியவள். அதில் அவளுக்குத் துளி வெட்கமும் இல்லை. "ஒத்தையில ஓடறதுக்கு நானு என்ன பந்தயக் குதிரைங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். ஆனால் பக்கத்தில் அவளுடைய நங்கையா ஜோதி வந்து நின்றுவிட்டால் கதையே வேறு. கணவனின் அக்காவை நாமக்கல் பக்கம் நங்கையா என்றுதான் சொல்வார்கள். இந்த இரண்டு பேரும் ஜோடி சேர்ந்து இருபத்தைந்து வருடத்தில் மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று முப்பத்தொரு இரட்டையர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். கடைசிப் பட்டம் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மகளிருக்கான மாநிலப் போட்டியில், போன மாதம். அதற்காகத்தான் ஊர் டென்னிஸ் கிளப்பில் பாராட்டு விழா வைத்தார்கள்.

விழா ஞாயிற்றுக்கிழமை மாலை. வெள்ளிக்கிழமையிலிருந்தே சௌந்திரத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஜோதி அவளோடு பேசி நாலு வருடம் ஆகியிருந்தது.

நாலு வருடம் பேசாதவர்கள் போன மாதம் எப்படி ஜோடியாக ஆடிப் பட்டம் வாங்கினார்கள் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். வாங்கினார்கள். அதற்கு முதலில் இருந்து வர வேண்டும்.

எருமப்பட்டிப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம் சௌந்திரத்தினுடையது. பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடினாள். கட்டை மட்டையைப் பிடித்துக் கம்பளிப் பந்தைத் தரையில் விழ விடாமல் அடித்து அடித்து வளர்ந்த கை அது. இருபத்தொரு வயதில் நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருந்த சந்திரசேகருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மட்டை பிறந்த வீட்டுப் பரணில் ஏறிவிட்டது.

அந்தக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் நடந்தது. மாப்பிள்ளையின் அக்கா ஜோதி, கூறைப்புடவை வைத்த கூடையைத் தலையில் சுமந்து வந்து தம்பி பக்கத்தில் நின்று சீர் செய்துகொண்டார். கொங்கு வீடுகளில் இது சும்மா ஒரு சடங்கு இல்லை. அன்று முதல் அந்த வீட்டில் எந்த நல்ல காரியமானாலும் முதல் வார்த்தை இணைச்சீர்க்காரியிடம்தான் கேட்க வேண்டும். அந்தத் தம்பதிக்குப் பெண் பிறந்து, அவளை வெளியில் கொடுப்பதாக இருந்தாலும், "கொடுக்கப்போகிறோம், உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று அவரிடம் நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். அவருக்கு உரிமை அப்படி. புதுப்பெண் சௌந்திரம் அன்று மணவறையில் குனிந்த தலையை ஆறு வருடம் ஜோதிக்கு முன்னால் நிமிர்த்தவே இல்லை.

ஜோதியின் கணவர் தீனதயாளனுக்கு மேட்டூரில் கம்பெனி வேலை. குடியிருப்பில் ஒரு டென்னிஸ் கோர்ட்டு இருந்தது. சாயங்காலமானால் மற்ற வீட்டுப் பெண்கள் மல்லிகைப்பூ கட்டுவார்கள், ஜோதி மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். இரண்டாயிரத்தில் அவர்கள் மேட்டூரை விட்டு நாமக்கல்லுக்கே வந்துவிட்டார்கள். இங்கே கிளப் இருந்தது, செம்மண் கோர்ட்டு இருந்தது, கூட ஆட ஒரு பொம்பளை இல்லை.

ஒருநாள் தம்பியின் பண்ணைக்கு வந்த ஜோதி ஒரு காட்சியைப் பார்த்தார். வண்டியில் ஏற்றும்போது மேல் அடுக்கிலிருந்து ஒரு முட்டை அட்டை சரிந்தது. கீழே நின்ற சௌந்திரம் திரும்பக்கூட இல்லை, கையை மட்டும் நீட்டி அட்டையை அப்படியே ஏந்திக்கொண்டாள். ஒரு முட்டைகூட உடையவில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு உடைந்தது. முப்பதில் இரண்டு.

"நாளைக்குக் காத்தால அஞ்சரைக்கு கிளப்புக்கு வந்திரு. ஷூ நானு வாங்கியாறேன்" என்றார் ஜோதி. இணைச்சீர்க்காரி சொன்னால் மறுபேச்சு ஏது? சௌந்திரம் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போய் நின்றாள்.

மூன்றே மாதத்தில் ஆட்டம் கைக்கு வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். சேலத்தில் முதல் போட்டி. எதிரில் இரண்டு பேங்க் அம்மாக்கள், சுமாரான ஆட்டம். அவர்களுக்கு இரண்டாவது கேமிலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது. இந்த ஜோடிக்கு நடுவில் போட்டால் போதும், பந்தை யாரும் தொடமாட்டார்கள். சௌந்திரம் இடது பக்கம் நிற்பவள். நடுப்பந்து அவளுடைய வலது கைக்கு வாகாக வரும், அவள்தான் எடுக்க வேண்டும். ஆனால் நங்கையா முன்னால் கையை நீட்டி எடுப்பதா? அவர் எடுக்கட்டும் என்று அவள் ஒதுங்கினாள். சின்னவள் எடுக்கட்டும் என்று ஜோதி ஒதுங்கினார். பந்தியில் நீங்கள் முதலில் உட்காருங்கள் என்று இரண்டு பேர் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு நிற்பார்களே, அதேதான். பந்து இருவருக்கும் நடுவில் விழுந்து, ஒரு தடவை எழும்பி, வேலி வரைக்கும் உருண்டு போனது. இருபது தடவையாவது போயிருக்கும். ஆறுக்கு ஒன்று, ஆறுக்குப் பூஜ்ஜியம்.

திரும்பி வரும்போது பஸ் ராசிபுரம் தாண்டியது. ஜோதி பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார்.

"இதா பாரு புள்ள. ஊட்டுல நானு நங்கையா. கோயல்ல நங்கையா. எழவு ஊட்டுலயும் நங்கையாதான். அந்த வெள்ளக் கோட்டுக்குள்ள கால வெச்சா நானு உனக்கு ஆருமில்ல. நடுவுல வந்தா உன்னுது. 'உடு'ன்னு கத்து. நானு உட்டுப்போட்டுப் போறேன்."

"அதெப்புடீங்க நங்கையா, உங்களைப் போயி..."

"நீ என்னைய மரியாதையாக் கூப்புட்டு முடிக்கறதுக்குள்ள பந்து மோகனூரு போயிருதே!"

பழக ஒரு மாதம் ஆயிற்று. முதல் முறை "உடு!" என்று கத்திவிட்டு சௌந்திரம் அங்கேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் தைரியம் வந்தது. தைரியம் வந்ததும் தொண்டையும் திறந்தது. பெரிய தெரு வரைக்கும் கேட்டது. நடைப்பயிற்சி போன மாமனார் காதிலேயே விழுந்து, அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, "மருமகப் புள்ள இணைச்சீர்க்காரிய வா போன்னு பேசறா" என்று பெரிய பஞ்சாயத்து வைத்தார். ஜோதிதான் வந்து அடக்கினார். "அப்படிப் பேசலீனா நானு அவளோட ஆடமாட்டேனுங்கப்பா" என்று ஒரே வரி. மாமனார் நடக்கிற தெருவை மாற்றிக்கொண்டார்.

அப்புறம் இறங்குமுகமே கிடையாது. ஈரோடு, கரூர், திருச்சி, கோயமுத்தூர் என்று எங்கே போனாலும் இறுதி ஆட்டத்தில் நாமக்கல் ஜோடி நிற்கும். சௌந்திரம் நெட்டுக்குப் போனால் பின்னால் ஜோதி. ஜோதி பந்தை உயரத்தில் தூக்கிவிட்டால் அது எங்கே விழும் என்று சௌந்திரத்துக்குத் தெரியும். எதிர் ஜோடிகளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டது போலிருக்கும். ஆட்டம் முடிந்து கோட்டைத் தாண்டி வெளியே கால் வைத்ததும் சௌந்திரம், "நங்கையா, தண்ணி குடிக்கறீங்களா?" என்று தலையைச் சாய்த்துக் கேட்பாள். பார்க்கிறவர்களுக்கு இது பெரிய வேடிக்கை.

நாலு வருடத்துக்கு முன்னால் சௌந்திரத்தின் மகள் தமிழினிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை சேலத்துப் பையன், பெயர் ஆரோன், கூடப் படித்தவன், வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். வீட்டில் இரண்டு மாதம் முட்டலும் மோதலுமாக இருந்து, கடைசியில் மாமனாரே சரி என்று தலையாட்டிவிட்டார். எல்லோரையும் சரிக்கட்டிய மும்முரத்தில் ஒரு காரியம் விட்டுப்போனது. இணைச்சீர்க்காரியிடம் யாரும் நேரில் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சந்திரசேகர் நினைத்தது இது: பொம்பளைகள் இரண்டு பேரும் தினமும் காலையில் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறார்கள், அவள் கேட்டிருப்பாள். சௌந்திரம் நினைத்தது: கூடப்பிறந்த அக்கா, தம்பிதான் போய்க் கேட்பது முறை, அவர் போயிருப்பார். சௌந்திரம் கோர்ட்டில் கேட்கவும் இல்லை, ஏனென்றால் கோர்ட்டுக்குள் குடும்பப் பேச்சு கிடையாது என்பது அவர்கள் பழக்கம். கடைசியில் தமிழினி பத்திரிகையை சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். ஜோதி, தன் தம்பி மகளின் கல்யாணத்தைச் செல்போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஜோதியின் மகனுக்கு அதற்கு முன்பே பெண் பேசி முடித்தாகிவிட்டது. ஆகவே பெண்ணைக் கொடு என்று கேட்கிற பேச்சே இல்லை. கேட்கவில்லையே என்பதுதான் பேச்சு. கல்யாணத்துக்கு வந்தார். அட்சதை போட்டார். கை நனைக்காமல் கிளம்பிவிட்டார். சாப்பிடாமல் போன அந்த முதுகைப் பார்த்தபோதுதான் என்ன நடந்துவிட்டது என்று சௌந்திரத்துக்கு விளங்கியது.

அடுத்த வாரமே புருசனும் பெண்டாட்டியும் பழத்தட்டோடு போனார்கள். ஜோதி கதவைத் திறந்தார், பழத்தை வாங்கி வைத்தார், காப்பி கொடுத்தார், ஒரு சொல் பேசவில்லை. "இவளுந்தான் கேக்கல" என்று சந்திரசேகர் ஆரம்பிக்க, "இவரு போவாருன்னு இருந்துட்டேனுங்க" என்று சௌந்திரம் சொல்ல, அங்கேயே இரண்டு பேருக்கும் சண்டை. ஜோதி எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை அஞ்சரைக்கு சௌந்திரம் கோர்ட்டுக்குப் போனாள், அவர் வரமாட்டார் என்ற நிச்சயத்தோடு. அவர் வந்திருந்தார். வெள்ளைக் கோட்டுக்குள் கால் வைத்தார். "சர்வீஸ் போடு" என்றார். ஒன்றரை மணி நேரம் "உடு", "என்னுது", "உன்னுது", "பின்னால போ", "நெட்டுக்கு வா" எல்லாம் வந்தது. கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும் வாய் மூடிக்கொண்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலு வருடம் அப்படியே ஓடியது. ஊர் ஊராய்ப் போட்டிக்குத் தனித்தனி பஸ்ஸில் போய், ஒன்றாக ஆடி, ஜெயித்து, தனித்தனி பஸ்ஸில் திரும்பினார்கள். கோபம் கோபம், ஆட்டம் ஆட்டம். சௌந்திரத்துக்கு அந்தக் கோட்டுக்குள் கிடைக்கிற நாலு சொல்தான் மிச்சம். அதற்காக அவள் செய்யாத தில்லுமுல்லு இல்லை. முதல் சுற்றுகளில் சொத்தை ஜோடி எதிரில் வந்தால், வேண்டுமென்றே இரண்டு பந்தை வெளியே அடிப்பாள், ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று. கரூரில் ஒருமுறை ஜோதி கண்டுபிடித்துவிட்டார். "ஏய், ஒழுங்கா ஆடு!" என்று கத்தினார். சௌந்திரத்துக்கு அன்றைக்கு மூன்று சொல் கூடுதலாகக் கிடைத்தது. பஸ்ஸில் வரும்போது அதை நினைத்து நினைத்துச் சிரித்து, கடைசியில் அழுதாள்.

போன மாதப் போட்டியில் ஜோதி வலது முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு ஆடினார். ஜெயித்தார்கள். அடுத்த வாரம் கிளப் செயலாளர் குணசீலன் வந்து சௌந்திரத்திடம் சொன்னார்.

"ஜோதியக்காவுக்கு இனிமேப்பட்டு ஆடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. இதான் கடைசி. அதனால விழாவைக் கொஞ்சம் பெருசா வெச்சுக்கலாமுங்க."

குணசீலன் நல்ல மனுஷன், விழாவைப் பற்றியே பேசிக்கொண்டு நின்றார். சௌந்திரத்தின் காதில் எதுவும் விழவில்லை. இனிமேல் கோர்ட்டு இல்லை என்றால் கோடு இல்லை. கோடு இல்லை என்றால் அந்த நாலு சொல்லும் இல்லை. நங்கையா உயிரோடு நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு, சாகும் வரைக்கும் தன்னிடம் பேசாமலே இருந்துவிடுவார். அந்த நினைப்பில்தான் வெள்ளிக்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை. இத்தனை பட்டம் வாங்கியவள் ஒரு மனுஷியைத் தோற்றுவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது என்று ஞாயிறு மதியம் முடிவு கட்டினாள். இன்றைக்கு மேடையிலோ கீழேயோ, அவர் முகத்தைத் திருப்பினாலும் சரி, சொல்லிவிடுவது. புருசன் மேல் பழி போடாமல் சொல்வது.

விழா ஜோராக இருந்தது. ஃபிளக்ஸில் இரண்டு பேர் படமும் வாழைமரத்துக்கு நடுவில் சிரித்தது. மேடையில் குணசீலன் இரண்டு நாற்காலி போட்டு, பெயர் எழுதி ஒட்டியிருந்தார். ஜோதியின் பெயர் இடது நாற்காலியில், சௌந்திரத்தின் பெயர் வலதில். ஜோதி நொண்டிக்கொண்டு ஏறி வந்தார், பார்த்தார், நேராக வலது நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். கோர்ட்டில் அவர் நிற்கிற பக்கம். சௌந்திரம் இடதில் உட்கார்ந்தாள். முதல் வரிசையில் சந்திரசேகர், பக்கத்தில் தமிழினி, ஆரோன், அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை.

பொன்னாடைகள் விழுந்தன. பேசியவர்கள் பேசினார்கள். பிறகு கேடயம் வந்தது. அங்கேதான் குணசீலன் கோட்டை விட்டிருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கேடயம் செய்திருந்தார். தேக்கு மரமும் கண்ணாடியுமாக, நல்ல கனம். யாரோ காதோடு காதாகக் கேட்டதற்கு, "பட்டம் ஒண்ணுதானுங்களே" என்றார்.

இருவரும் எழுந்து நின்றார்கள். சிறப்பு விருந்தினர் கேடயத்தைத் தூக்கி இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சௌந்திரம் கையை நீட்டவில்லை. நங்கையா வாங்கட்டும் என்று அரை அடி பின்னால் நகர்ந்தாள். ஜோதியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் வாங்கட்டும் என்று கண்ணால் காட்டினார். விருந்தினர் பாவம், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, யாரோ பிடித்துவிட்டார்கள் என்று கையை விட்டார்.

"சௌந்திரம், உன்னுது!"

ஜோதியின் குரல். கோர்ட்டில் கத்துகிற அதே குரல். சௌந்திரம் யோசிக்கவில்லை. வலது கை தானாகப் போனது, முழங்கால் மடங்கியது, தரைக்கு ஒரு சாண் மேலே கேடயத்தை வாங்கிக்கொண்டாள். கூட்டம் பந்தலே அதிரக் கைதட்டியது.

சௌந்திரம் குனிந்தபடியே இருந்தாள். மேடையில் எந்த வெள்ளைக் கோடும் இல்லை. கோட்டுக்கு வெளியே நங்கையா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். எழுந்தாள். கைதட்டல் ஓயும் முன்பே, மைக் இல்லாமல், ஜோதிக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நங்கையா, தமிழினி கல்யாணத்துக்கு நானு உங்களை நேர்ல வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமுங்க. அவரு போவாருன்னு இருந்துட்டேன். அது என்னுதுதானுங்க. நாந்தான் உட்டுட்டேன்."

ஜோதி அவளையே பார்த்தார்.

"இதைச் சொல்றதுக்கு நாலு வருசமா, புள்ள?" என்றார். "அன்னிக்கு ஊட்டுக்கு வந்தப்பக்கூட அவன் உன்னையச் சொன்னான், நீ அவனையச் சொன்ன. நீ ஒருக்காக் கேட்டிருந்தா நானே முன்னால நின்னு பண்ணி வெச்சிருக்கமாட்டனா?"

"பண்ணியிருப்பீங்க. தெரியுமுங்க."

கீழே முதல் வரிசையில் சந்திரசேகர் எழுந்து நின்றுவிட்டார். என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. "அக்கா, என்ற மேலயுந்தான்..." என்று ஆரம்பித்தார்.

"நீ உக்காரு. உனக்கு அப்பறமா இருக்குது" என்றார் ஜோதி. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழினியைப் பார்த்துக் கையை நீட்டினார். "அந்தக் கொழந்தையக் கொண்டா இங்க. இன்னும் நானு தூக்கிக்கூடப் பாக்கல. வார ஞாயித்துக்கெழமை எல்லாரும் நம்ம ஊட்டுக்கு விருந்துக்கு வந்திரோணும். மாப்பளையும் வரோணும்."

குணசீலனுக்கு நிகழ்ச்சி நிரல் தாறுமாறாகிவிட்டது. ஏற்புரைக்கு மைக்கை நீட்டினார், இரண்டு பேரும் வாங்கவில்லை. ஜோதி மடியில் குழந்தை, சௌந்திரம் மடியில் கேடயம். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். குணசீலனே நன்றி சொல்லி விழாவை முடித்தார்.

மறுநாள் காலை அஞ்சரைக்கு சௌந்திரம் கிளப்புக்குப் போனாள். ஜோதியின் மருமகள் பிரவீனா மட்டையோடு நின்றிருந்தாள். புது ஜோடி. கோட்டுக்கு வெளியே, சிமெண்டு பெஞ்சில், பட்டை கட்டிய காலை நீட்டிக்கொண்டு ஜோதி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்க்கில் காப்பி.

சௌந்திரம் சர்வீஸ் போடப் பந்தைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து ஜோதி ஆரம்பித்தார். நாலு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. வெண்ணந்தூர்க் கல்யாணத்தில் பந்தியில் சாம்பார் பத்தாமல் போனது, தீனதயாளனுக்கு சர்க்கரை ஏறியது, தமிழினி கல்யாணத்தன்று கட்டிய புடவை சௌந்திரத்துக்குப் பொருந்தவே இல்லை என்பது, அவள் பந்தை வேண்டுமென்றே வெளியே அடிப்பது கரூருக்கு எத்தனையோ நாள் முன்பிருந்தே தனக்குத் தெரியும் என்பது. நிறுத்தவே இல்லை. சௌந்திரம் இரண்டு பந்தை நெட்டில் அடித்தாள். மூன்றாவதை வேலிக்கு வெளியே அடித்தாள்.

"நங்கையா, சித்தெ நேரம் சும்மா இருங்களே, பந்தே தெரியமாட்டேங்குது!" என்று கத்தினாள், முகமெல்லாம் சிரிப்பாக.

ஜோதி காப்பியை ஊற்றிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.